அடைக்க வேண்டாம், துளையிடுங்கள்

கேள்வி: ஐயா, கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் இயற்பியல் துறையில், மெல்லிய உலோகப் படலம் பூசும் வெற்றிடக் கருவியைப் பராமரித்து வருகிறேன். 300 மி.மீ. விட்டம், 400 மி.மீ. உயரம் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேம்பர். நொடிக்கு 250 லிட்டர் இழுக்கும் டர்போ பம்ப், பின்னால் ஒரு ரோட்டரி பம்ப். வாங்கிய புதிதில் ஓர் இரவு ஓடவிட்டால் 8×10⁻⁷ மில்லிபார் வரை இறங்கும். ஆறு மாதங்களுக்கு முன் உள்ளே சாம்பிள் வைக்க ஒரு மேடை செய்து பொருத்தினோம். மூன்று கால்கள், மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள், அடியில் ஹீட்டர். எடை குறையட்டும் என்று கால்களை 25 மி.மீ. குழாயில், 250 மி.மீ. நீளத்தில் செய்து, இரு முனைகளையும் மூடி வெல்டிங் வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரவு முழுக்க ஓட்டினாலும் 6×10⁻⁶-இல் நின்றுவிடுகிறது. ஹீலியம் கருவியோடு ஒருவர் வந்து இரண்டு முறை சோதித்தார். 10⁻⁹ அளவு வரை எங்கும் கசிவு இல்லை என்றார். ஓ-ரிங்குகளை மாற்றினோம். சந்தேகப்பட்ட இணைப்புகளில் வெளியிலிருந்து எபாக்சி பூசினோம். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் நிறுத்தாமல் ஓடியபோது மட்டும் 1.6×10⁻⁶ வரை வந்தது. பிறகு ஹீட்டர் மாற்ற இரண்டு நாள் திறந்து வைத்தோம், மறுபடியும் பழைய கதை. ஹீட்டரைப் போட்டதும் சில நேரம் அழுத்தம் திடீரென்று துள்ளி அடங்குகிறது. பெரிய பம்ப் வாங்கிவிடலாம் என்கிறார் துறைத் தலைவர். வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பம்ப் வாங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஒரு 3 மி.மீ. டிரில் பிட். கல்லூரிப் பட்டறையிலேயே அது இருக்கும்.

துறைத் தலைவரின் யோசனையை முதலில் பார்த்துவிடுவோம். அழுத்தம் எங்கே வந்து நிற்கும் என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. நொடிக்கு எவ்வளவு வாயு சேம்பருக்குள் சேர்கிறது என்பது ஒன்று. பம்ப் நொடிக்கு எத்தனை லிட்டர் இழுக்கிறது என்பது மற்றொன்று. முன்னதைப் பின்னதால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். உங்கள் பம்ப் 250 லிட்டர் என்றாலும், பாதுகாப்பு வலை, வால்வு, கழுத்து எல்லாவற்றிலும் இழந்தது போக 200 லிட்டர் மிஞ்சும் என்று வைத்துக்கொள்கிறேன். 6×10⁻⁶-இல் நிற்கிறது என்றால் நொடிக்கு 1.2×10⁻³ மில்லிபார் லிட்டர் வாயு எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. மில்லிபார் லிட்டர் என்ற அளவு மிரட்டலாகத் தெரிந்தால் இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஒரு கன சென்டிமீட்டர் எடுத்தால் அது ஏறக்குறைய ஒரு மில்லிபார் லிட்டர்.

பம்பை இரு மடங்காக்கினால் 3×10⁻⁶ கிடைக்கும், அவ்வளவுதான். பழைய 8×10⁻⁷-ஐத் தொட ஏழெட்டு மடங்கு பெரிய பம்ப் வேண்டும். அதைப் பொருத்துவதற்கு உங்கள் சேம்பரில் இடமே இருக்காது.

இப்போது ஹீலியம் சோதனைக்கு வருவோம். கசிவு இல்லை என்று சொன்னவர் மேல் உங்களுக்குச் சந்தேகம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். உங்கள் கணக்கில் வரும் கசிவு 10⁻³. அவர் கருவி பார்க்கக்கூடியது 10⁻⁹. பத்து லட்சம் மடங்கு நுண்ணிய கருவி. வெளிச்சுவரில் 10⁻³ அளவு ஓட்டை இருந்திருந்தால், அவர் ஹீலியம் குழாயைத் திறந்துகொண்டு அறைக்குள் வந்த கணமே கருவி அலறியிருக்கும். அது அலறவில்லை என்பதே பெரிய செய்தி. வாயு வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயே ஒளிந்திருக்கிறது.

இந்த ஹீலியம் முறை 1940-களில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில் பிறந்தது. ஓக் ரிட்ஜில் யுரேனியம் செறிவூட்ட எழுப்பிய பிரம்மாண்டமான ஆலையில் எண்ணற்ற குழாய் இணைப்புகள். அவற்றைச் சோதிக்க ஆல்ஃபிரட் நீர் என்ற இயற்பியலாளரின் குழுவினர், வாயுக்களை நிறையை வைத்துப் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியைக் கசிவு தேடும் கருவியாக மாற்றினார்கள். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் என்பதால், வெளியே அதைத் தெளித்து உள்ளே தேடினால் குழப்பமே இல்லை. அற்புதமான யோசனை. ஆனால் வெளியே தெளித்த ஹீலியம் உள்ளே வந்தால்தானே கருவிக்குத் தெரியும்? உங்கள் விஷயத்தில் ஹீலியம் போய்ச் சேர முடியாத இடத்தில் பழைய காற்று உட்கார்ந்திருக்கிறது. திருடன் வீட்டுக்குள் பரண் மேல் இருக்கிறான், நாம் டார்ச் எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறோம்.

இதை வர்ச்சுவல் லீக் என்பார்கள். நான் போலிக் கசிவு என்று எழுதுகிறேன். சேம்பரைத் திறந்திருக்கும்போது காற்று ஏதோ ஒரு பொந்தில் புகுந்துகொள்கிறது. பம்ப் ஓடும்போது அந்தப் பொந்திலிருந்து மயிரிழை போன்ற வழியில் மெல்ல மெல்ல வெளியே வருகிறது. அழுத்தமானியில் பார்த்தால் அசல் கசிவு போலவே இருக்கும். ஆனால் அசல் கசிவுக்குப் பின்னால் இருப்பது வானம் முழுக்க நிறைந்த காற்று, அது தீராது. போலிக் கசிவுக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறு கையிருப்பு, அது தீரும். இந்த ஒரு வேறுபாட்டை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

கையிருப்பு எவ்வளவு சிறியது என்று ஏமாந்துவிடக் கூடாது. ஒரு கன சென்டிமீட்டர் காற்று, அதாவது ஒரு சுண்டைக்காய் அளவு, 10⁻⁶ மில்லிபாரில் விரிந்தால் பத்து லட்சம் லிட்டர் ஆகிறது. கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் எண்பது லாரிக்கு மேல் வேண்டும். அத்தனையையும் உங்கள் பம்ப் இழுத்துத் தீர்க்க வேண்டும்.

இனி உங்கள் மேடைக் கால்கள். கடிதத்தில் ‘எடை குறையட்டும்’ என்ற வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குழாயின் சுவர் 2.5 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால் உள்விட்டம் 20 மி.மீ. ஒரு காலுக்குள் 78 கன சென்டிமீட்டர் காற்று, மூன்றிலும் சேர்த்து 235. முனைகளை வெல்டிங் வைத்து மூடியிருக்கிறார்கள். அந்த வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருந்தால் போதும். மேடையின் கால்தானே, காற்றுப் புகாமல் இருக்க வேண்டும் என்று அதை யார் கேட்டிருப்பார்கள், யார் சோதித்திருப்பார்கள்?

புதிதில் இருந்த வாயு வரத்து 1.6×10⁻⁴. இப்போதைய வரத்திலிருந்து அதைக் கழித்தால் மேடை கொண்டுவந்தது ஏறக்குறைய 10⁻³. கையிருப்பு 235 மில்லிபார் லிட்டர். நொடிக்கு 10⁻³ வீதம் அது போனால் 2,35,000 நொடி, கிட்டத்தட்ட 65 மணி நேரம் தாங்கும். உண்மையில் ஒரே வேகத்தில் போகாது. இந்த அளவுள்ள நுண்துளைகளில், உள்ளே அழுத்தம் பாதியானால் ஓட்டம் கால் பங்காகக் குறையும். அந்தக் கணக்கில் 65 மணி நேரத்தில் கையிருப்பு பாதியாகும். 96 மணி நேரத்தில், அதாவது உங்கள் பொங்கல் விடுமுறையின் முடிவில், ஓட்டம் ஆறில் ஒரு பங்காக இறங்கியிருக்கும். அதோடு பழைய 1.6×10⁻⁴-ஐக் கூட்டி 200-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.6×10⁻⁶ வருகிறது. நீங்கள் எழுதியனுப்பிய எண்.

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு, பம்ப் வேகத்தை நான் உத்தேசமாகத்தானே எடுத்தேன். ஆனாலும் ஒன்று சொல்லலாம். ஒரே ஒரு கால் மட்டும் கசிந்திருந்தால் கையிருப்பு மூன்றில் ஒரு பங்குதான், இரண்டாம் நாளே நல்ல முன்னேற்றம் தெரிந்திருக்கும். நான்கு நாள் இழுத்தது என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட கால்களில் துளை இருக்கிறது.

ஹீட்டர் மாற்ற இரண்டு நாள் திறந்து வைத்ததும் பழைய கதை திரும்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரிதான். காற்று எந்த ஊசித்துளை வழியாக வெளியே வந்ததோ அதே துளை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், நிரம்பவும் நாள் கணக்கில் ஆகும். பத்து நிமிடம் திறந்து மூடினால் பெரிதாக நிரம்பியிருக்காது. இரண்டு நாள் திறந்திருந்தால் வயிறு முட்டக் குடித்துவிட்டிருக்கும். அசல் கசிவுக்கோ நீங்கள் எவ்வளவு நேரம் திறந்து வைத்தீர்கள் என்பதில் அக்கறையே கிடையாது.

உறுதிப்படுத்திக்கொள்ள மிக மலிவான சோதனை ஒன்று சொல்கிறேன். மேடையைக் கழற்றி வெளியே வையுங்கள். சேம்பரை வெறுமையாக மூடி ஓர் இரவு ஓட்டுங்கள். 8×10⁻⁷ பக்கம் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. இதை ஏன் இந்த ஆறு மாதத்தில் யாரும் செய்யவில்லை என்று கேட்க மாட்டேன். நானும் ஒரு காலத்தில் செய்யாமல் இருந்தவன்தான்.

கழற்றிய கால்களை நான்கைந்து நாள் சும்மா வெளியே விட்டுவையுங்கள், உள்ளே காற்று நிரம்பட்டும். பிறகு ஒரு பாத்திரத்தில் நன்றாகக் கொதித்த வெந்நீரை ஊற்றிக் காலை அதில் முழுக அமிழ்த்துங்கள். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அழுத்திப் பஞ்சர் பார்ப்பார்களே, அதேதான். உள்ளே காற்று சூடாகி, ஊசித்துளை வழியாகச் சில நொடிக்கு ஒரு குமிழி கிளம்பும். எந்த வெல்டிங், எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டலாம். ஆனால் வெந்நீர் ஆறுவதற்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். ஆறினால் குழாய் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் காற்றுக்குப் பதில் தண்ணீரோடு மாரடிக்க வேண்டியிருக்கும்.

பம்பின் வால்வை மூடிவிட்டு அழுத்தம் ஏறும் வேகத்தை அளக்கும் சோதனை ஒன்றும் உண்டு. உங்கள் சேம்பர் 28 லிட்டர். இந்த வரத்துக்குப் பத்து நிமிடத்தில் 0.026 மில்லிபார் ஏறும். இதை அயனி அழுத்தமானியில் பார்க்காதீர்கள், அது தானே கொஞ்சம் வாயுவை விழுங்கும், இழையும் கெடும். பிரானி அழுத்தமானி போதும். அசல் கசிவு என்றால் நேர்கோடு, சுவரின் ஈரம் என்றால் வளைந்து படுக்கும் கோடு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அது பாதி உண்மை. போலிக் கசிவும் அந்தப் பத்து நிமிடத்தில் நேர்கோடுதான் காட்டும், ஏனென்றால் பொந்துக்குள் இருக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் சேம்பரில் ஏறியது ஒன்றுமே இல்லை. ஒரு நாள் சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். இன்று ஒரு முறை, நாளை ஒரு முறை, அதற்கடுத்த நாள் ஒரு முறை அளந்து, கோட்டின் சாய்வு நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள்.

பக்கத்துத் துறையில் எஞ்சிய வாயுவைப் பகுத்துக் காட்டும் ஆர்ஜிஏ கருவி இருந்தால் இன்னும் அழகான வழி இருக்கிறது. சேம்பரைத் திறக்கும் நேரத்தில் சாதாரணக் காற்றுக்குப் பதில் ஆர்கான் நிரப்பி, இரண்டு நாள் அப்படியே மூடி வைத்துவிட்டுப் பம்ப்பை ஓட்டுங்கள். காற்றில் ஆர்கான் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே நிறை எண் 40-இல் பெரிய சிகரம் எழுந்து நாள் கணக்கில் தேய்ந்தால், அது நீங்கள் நிரப்பியதுதான் பொந்திலிருந்து திரும்பி வருகிறது. வெறும் காற்றை வைத்து 28 (நைட்ரஜன்), 32 (ஆக்சிஜன்) சிகரங்களைப் பார்த்துக் காற்றுக் கசிவு என்று முடிவு கட்டக் கூடாது. அசல் கசிவும் காற்றுதான், பொந்தில் இருப்பதும் காற்றுதான்.

வியாதி தெரிந்தது, மருந்து என்ன? இங்கேதான் நம் கை தவறு செய்யும். கசிவு என்ற சொல்லைக் கேட்டாலே அடைக்கத் தோன்றும். ஊசித்துளை உள்ள வெல்டிங்கின் மேல் இன்னொரு முறை வெல்டிங் ஓட்டச் சொல்வீர்கள். செய்யாதீர்கள். இன்று அடைபட்டது, ஹீட்டர் நூறு முறை சூடாகி ஆறியதும் வேறோர் இடத்தில் வெடிக்கும். துளையைப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு காலிலும் இரு முனைகளுக்கு அருகில் 3 மி.மீ. துளை ஒன்றொன்று போடுங்கள். ஒரு துளையே காற்றுக்குப் போதும், 78 கன சென்டிமீட்டரும் ஒரு நொடிக்குள் காலியாகிவிடும். இரண்டாவது எதற்கு என்றால், எண்ணெய் டின்னில் இரண்டு ஓட்டை போடுவது எதற்கோ அதற்கு. குழாயின் உட்புறம் இதுவரை யாரும் கழுவாதது. உருட்டு ஆலையின் எண்ணெயும் வெல்டிங் கரியும் அங்கே இருக்கும். ஒரு துளை வழியே கழுவும் திரவத்தை ஊற்றினால் மறு துளை வழியே முழுக்க வடிய வேண்டும். டிரில் போட்டதும் பிசிறு எடுத்து, சோப்புநீர், நல்ல தண்ணீர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்று வரிசையாக அலசி, அடுப்பில் 100 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் காயவையுங்கள்.

அடுத்த முறை மேடை செய்தால் குழாயே வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் குழாய்க் கால் ஒன்று ஏறக்குறைய 350 கிராம். அதே நீளத்தில் 12 மி.மீ. கெட்டிக் கம்பி 225 கிராம்தான். எடை குறைக்கப் போய் எடையும் கூடி, ஆறு மாதமும் போனது. சாம்பிள் மேடையைத் தாங்க 12 மி.மீ. கம்பி தாராளம்.

ஹீட்டர் போட்டதும் அழுத்தம் துள்ளுவது வேறோர் இடத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிய இரண்டு தட்டுகளுக்கு இடையில் காகிதம் போல மெல்லிய காற்று அடுக்கு இருக்கும். தட்டு சூடாகி ஒரு மயிரளவு வளையும்போது வாய் திறக்கிறது, காற்று துப்புகிறது, மறுபடி மூடிக்கொள்கிறது. அசல் கசிவு இப்படித் துள்ளாது. ஒரு தட்டின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை நாலைந்து கோடுகளை அரை மி.மீ. ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். அல்லது இடையில் சிறு வளையங்கள் வைத்து இடைவெளி விடுங்கள்.

போலிக் கசிவு என்றதும் எல்லாரும் சொல்வது திருகுகளைத்தான். மறுபுறம் திறக்காத துளைக்கு, பட்டறையில் பிளைண்ட் ஹோல் என்பார்களே அதற்கு, எம்6 டேப் போட்டுத் திருகை இறுக்கினால் அடியில் ஒரு குழி மிஞ்சும். 5 மி.மீ. ஆழம் மிஞ்சினால் 0.1 கன சென்டிமீட்டர். உங்கள் மேடையில் இருபத்து நான்கு திருகுகள் இருந்தாலும் மொத்தம் 2.4. இப்போதைய வரத்துக்கு அது நாற்பது நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே உங்கள் வழக்கில் திருகு முதல் குற்றவாளி அல்ல. ஆனால் 10⁻⁹ மில்லிபார் பக்கம் போகிறவர்களுக்கு ஒரே ஒரு திருகு போதும், மரை வழியே நொடிக்கு 10⁻⁶ வீதம் கசிந்து ஒரு நாளுக்கு மேல் கழுத்தறுக்கும். நீங்களும் மேடையைக் கழற்றிய கையோடு இதைச் சரிசெய்துவிடுங்கள். முடிந்த இடத்தில் துளையை மறுபுறம் வரை போட்டுவிடலாம். முடியாத இடத்தில் லேத்தில் பிடித்துத் திருகின் நடுவே நீளவாக்கில் 1 மி.மீ. துளை. சின்னத் திருகு என்றால் மரையின் ஒரு பக்கத்தை அரத்தால் தட்டையாக ராவினாலே காற்றுக்கு வழி கிடைக்கும். தலைக்கு அடியில் வாஷர் இருந்தால் அதிலும் ஒரு வெட்டு, இல்லாவிட்டால் அரத்தால் ராவிய பயன் வாஷரில் அடைபட்டுவிடும்.

வெல்டிங்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனம் ஆறாது. என் ஆரம்ப நாட்களில் ஒரு சேம்பருக்குப் படம் போட்டுக் கொடுத்தேன். உள்பக்கம் முழு வெல்டிங் என்று எழுதியிருந்தேன். வேலை செய்தவர் மிகத் தேர்ந்த கைக்காரர், ஆர்கான் வெல்டிங்கில் அவர் ஓட்டும் மடிப்பு சில்லறைக் காசு அடுக்கியது போல இருக்கும். ‘பலமாக இருக்கட்டும் என்று வெளிப்பக்கமும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டேன்’ என்று பெருமையோடு ஒப்படைத்தார். இரண்டு வெல்டிங்குகளுக்கும் நடுவே சேம்பரைச் சுற்றி வளையமாக ஒரு பொந்து. உள் வெல்டிங்கில் ஒரு நுண்துளை, வெளி வெல்டிங்கில் வேறொரு மூலையில் இன்னொன்று. ஹீலியம் தெளித்தால் சில நிமிடம் கழித்து, நான் வேறு இடத்தில் நிற்கும்போது, கருவி முனகும். திரும்பி வந்து தெளித்தால் மௌனம். மூன்று வாரம் பேய் ஓட்டினேன். கடைசியில் வெளி வெல்டிங்கை நாலு இடத்தில் அரைத்துத் திறந்த பிறகுதான் உள்துளை அகப்பட்டது. அன்றிலிருந்து என் படங்களில் ‘உள்ளே முழு ஓட்டு, வெளியே தேவைப்பட்டால் இடைவெளி விட்டுப் புள்ளி ஓட்டு மட்டும்’ என்று எழுதி, ஏன் என்பதையும் வேலை செய்பவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாவிட்டால் நல்ல வேலைக்காரர் நம் மேல் இரக்கப்பட்டுக் கூடுதலாகச் செய்துவிடுவார்.

இதே கண்ணோடு உங்கள் சேம்பருக்குள் மற்றவற்றையும் பாருங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட பல இழைக் கம்பி உள்ளே போயிருந்தால் எடுத்துவிடுங்கள், இழைகளுக்கு நடுவே காற்று நீளநெடுக ஒளிந்திருக்கும். உறையில்லாத ஒற்றைக் கம்பியில் பீங்கான் மணி கோத்துக்கொள்ளலாம். மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் அதுவும் வேண்டாம். ஹீட்டருக்கு அருகில் பித்தளைத் திருகோ துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டோ இருந்தால், அது கசிவு விவகாரம் அல்ல, துத்தநாகமே ஆவியாகி உங்கள் படலத்தில் உட்காரும்.

மேடையைச் சரிசெய்த பிறகும் காலையில் எண் இறங்கச் சோம்பினால் அடுத்த சந்தேகம் ஈரம். இதுவும் கசிவு போல வேடம் போடும். ஒரு சதுர மீட்டர் சுவரில் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுக்குத் தண்ணீர் ஒட்டியிருந்தாலே 0.4 மில்லிபார் லிட்டர், உண்மையில் ஒட்டுவது பல அடுக்கு. அது விடும் வாயு ஏறக்குறைய நேரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஒரு மணி நேரத்தில் இருந்தது பத்து மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்காகும். ஹீட்டரைச் சில மணி நேரம் போட்டுச் சுவரைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு எண்ணைப் பாருங்கள். நன்றாக இறங்கியிருந்தால் அது தண்ணீர். உங்கள் ஓ-ரிங் விட்டான் (Viton) ரப்பர் என்றால் அந்தப் பகுதி 150 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கோவைக் காற்று சென்னை அளவுக்கு ஈரமில்லை என்றாலும் ஐப்பசி, கார்த்திகையில் அறைக் காற்றை நேராக உள்ளே விடாதீர்கள். உலர்ந்த நைட்ரஜன் சிலிண்டரை வால்வோடு இணைத்து அதை நிரப்பித் திறங்கள். சாம்பிள் மாற்றிய கையோடு மூடுங்கள். டீ குடித்துவிட்டு வந்து மூடலாம் என்பது வேண்டாம்.

வெளியே பூசிய எபாக்சியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அது அடைத்தது ஒன்றுமில்லை. நாளைக்கு அசல் கசிவு ஒன்று வந்தால் ஹீலியம் அதை எட்டாமல் மறைக்கும் வேலையை மட்டும் செம்மையாகச் செய்யும். ரோட்டரி பம்பின் கேஸ் பேலஸ்ட் திருகு, அதாவது வேண்டுமென்றே பம்புக்குள் கொஞ்சம் காற்றை விடும் திருகு, மூடியிருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், பெரிய பெரிய ஆட்கள் அதைத் திறந்து வைத்துவிட்டு வாரக்கணக்கில் கசிவு தேடியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கால்கள், தட்டு, திருகு எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். முதலில் கால்களில் மட்டும் துளை போட்டு, கழுவி, பொருத்தி, இரண்டு இரவு ஓட்டுங்கள். முதல் இரவு கழுவிய ஈரத்துக்கு, இரண்டாவது இரவின் எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அது 10⁻⁶-ஐ ஒட்டி வந்து, ஹீட்டர் போடும்போது மட்டும் இன்னும் துள்ளினால் மிச்சம் தட்டுகளுடையது. கீறல் போடும் வேலையை அப்போது ஆரம்பிக்கலாம்.